மகள் அணுக்கருக் கோட்பாட்டு ஆய்வுக்குப் போக விரும்புகிறாள்: இந்தப் பாதையின் கணக்கு என்ன?

ஆத்தங்குடித் தந்தை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை நடத்தி வருகிறேன். என் மூத்த மகள் காரைக்குடியில் இளங்கலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்து முதுகலை, அதன்பின் முனைவர் பட்டம் என்கிறாள். அதுவும் அணுக்கரு இயற்பியலில், சோதனைக்கூடத்தில் கருவிகளோடு செய்யும் பகுதியில் அல்லாமல், காகிதத்திலும் கணினியிலும் செய்யும் கோட்பாட்டுப் பகுதியில்தான் சேருவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பைத் தாண்டிப் போகும் முதல் ஆள் அவள்தான் என்பதால், இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வீட்டில் யாரும் இல்லை.

அவளுக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சென்ற மார்கழியில் ஓர் இரவு தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கணிப்பானை வைத்துக்கொண்டு நோட்டில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, ஓர் அணுக்கருவைத் தனித்தனிப் புரோட்டான்களாகவும் நியூட்ரான்களாகவும் பிரித்தெடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை ஐந்தே உறுப்புகள் கொண்ட ஒரு வாய்பாட்டால் கணக்கிடலாம் என்று விளக்கினாள். இரும்பு-56க்குப் போட்டபோது 490.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) வந்தது, புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் 492.3 என்று இருந்தது. அவளுக்கு மகிழ்ச்சி. அடுத்து ஈயம்-208க்குப் போட்டாள். 1624.5 வந்தது, அட்டவணையில் 1636.4. ஒரு முறைக்கு மூன்று முறை போட்டுப் பார்த்தாள், அதே விடைதான். "அப்பா, என் கணக்கில் பிழை இல்லை. அப்படியானால் இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வருகிறது?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

வீட்டில் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது, பயம் இருக்கிறது. அணு என்றாலே கதிர்வீச்சு என்று என் தாயார் அஞ்சுகிறார். என் மைத்துனர், பி.எட். முடித்துப் பள்ளியில் சேர்ந்தால் போதும் என்கிறார். நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் இதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகளில் அவள் செலவை யார் பார்ப்பார்கள், முடிவில் வேலை என்று ஒன்று உண்டா, அது தமிழ்நாட்டில் கிடைக்குமா, வெளிநாடு போயே தீர வேண்டுமா என்பதெல்லாம் தெரிந்துகொண்டு அனுப்ப விரும்புகிறேன். இந்தத் துறையில் இருந்தவர்கள், இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கசப்பானதாக இருந்தாலும் பரவாயில்லை.

தேவகோட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் அணுக்கருக் கோட்பாட்டில் ஆய்வு செய்து, பின்னர் இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றில் நீண்டகாலம் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தாயாரின் அச்சத்தைத் தீர்த்துவிடலாம். கோட்பாட்டு ஆய்வாளர் கதிரியக்கப் பொருளைத் தொடுவதே இல்லை. அவருடைய கருவி காகிதமும் கணினியும்தான். என் ஆய்வுக்காலம் முழுவதிலும் நான் சந்தித்த பெரிய ஆபத்து, துளையிட்ட அட்டைகள் நிறைந்த பெட்டி மழையில் நனைந்துவிடுமோ என்பதுதான். அந்தக் காலத்தில் நிரலை அட்டை அட்டையாகத் துளையிட்டு, வரிசை குலையாமல் பெட்டியில் அடுக்கிப் பேருந்தில் எடுத்துக்கொண்டு, ஐ.ஐ.டி. வளாகத்தில் இருந்த ஐபிஎம் 370 கணினிக்குக் கொடுத்துவிட்டு வருவோம். மறுநாள் போனால் விடை அச்சாகியிருக்கும், அல்லது ஒரு காற்புள்ளி இடம் மாறியதால் எதுவுமே ஓடவில்லை என்ற ஒற்றை வரி இருக்கும். இன்று உங்கள் மகள் அதைத் தன் மடிக்கணினியில் ஒரு நொடியில் செய்துவிடுவாள்.

இனி அவள் கேட்ட அந்தப் பன்னிரண்டுக்கு வருகிறேன். ஒரு கோட்பாட்டு அணுக்கரு இயற்பியலாளரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதற்கு அந்தக் கேள்வியே நல்ல விளக்கம்.

அவள் பயன்படுத்திய வாய்பாட்டை ஜெர்மன் இயற்பியலாளர் வைசேக்கர் 1935-இல் தந்தார். அணுக்கருவை ஒரு திரவத்துளியாகக் கருதி எழுதியது அது. பெரும்பாலான அணுக்கருக்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் புரோட்டான்களின் எண்ணிக்கையோ நியூட்ரான்களின் எண்ணிக்கையோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்று அமைந்தால், அந்த அணுக்கரு வாய்பாடு சொல்வதைவிட இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. ஈயம்-208இல் 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் உள்ளன. இரண்டுமே அந்த வரிசையில் வருபவை; அவற்றை மாய எண்கள் என்பார்கள். உங்கள் மகளின் பன்னிரண்டு மெகா எலக்ட்ரான் வோல்ட் அங்கிருந்துதான் வருகிறது. திரவத்துளியில், துகள்கள் ஒவ்வொன்றாக நிரப்பும் ஆற்றல் அடுக்குகள் கிடையாது. உண்மையான அணுக்கருவில் உண்டு.

அந்த எண்கள் ஏன் வருகின்றன என்பதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் மரியா கோப்பர்ட் மேயர் என்ற பெண்மணி. அவருடைய பணிவாழ்க்கையை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1930-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னிடம் முனைவர் பட்டம் பெற்றார். திருமணமாகிக் கணவரோடு அமெரிக்கா போனார். கணவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. மனைவிக்கும் சேர்த்து வேலை கொடுக்க விதி இடம் தராது என்று சொல்லப்பட்டது. ஒரு சிறு அறையும் சொற்பத் தொகையும் மட்டுமே தரப்பட்ட நிலையில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தார். பின்பு சிகாகோவிலும் பல்கலைக்கழகப் பதவிக்குச் சம்பளம் இல்லை; 1946 முதல் அருகிலிருந்த ஆர்கான் ஆய்வகத்தில் பகுதிநேர ஊதியம் கிடைத்தது. அந்த நிலையில்தான் அவர் அணுக்கருக்களின் தரவுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்து, இந்த எண்களில் ஏதோ இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். ஒருநாள் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி மேயரின் அறையை விட்டு வெளியேறும்போது, துகளின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதைக்கும் இடையே இணைப்பு இருப்பதற்கான அறிகுறி ஏதும் தெரிகிறதா என்று கேட்டார். மேயருக்கு அங்கேயே விடை விளங்கிவிட்டது. சுற்றும் திசையிலேயே தற்சுழலும் துகளுக்கு ஓர் ஆற்றல், எதிர்த்திசையில் தற்சுழலும் துகளுக்கு வேறோர் ஆற்றல் என்று வைத்தால், ஆற்றல் மட்டங்கள் நகர்ந்து, இடைவெளிகள் சரியாக 50, 82, 126 ஆகிய இடங்களில் வந்து விழுகின்றன. இதைத்தான் அடுக்கு மாதிரி என்கிறோம். 1949-இல் அதை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹேக்சல், யென்சன், சூஸ் ஆகியோரும் தனியாக அதே விடைக்கு வந்திருந்தனர். போட்டியாகப் போயிருக்கக்கூடிய அந்த உறவு நட்பாகி, மேயரும் யென்சனும் 1955-இல் சேர்ந்தே ஒரு நூல் எழுதினார்கள். முழு ஊதியத்துடன் கூடிய பேராசிரியர் பதவி மேயருக்கு 1960-இல்தான் கலிபோர்னியாவில் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1963-இல், நோபல் பரிசு.

அந்தக் காலத்து அநீதி இன்று அதே வடிவில் இல்லை. இருந்தாலும், வேலை வேறு பதவி வேறு என்பது இந்தத் துறையில் இன்றும் உண்மை. பதவி தாமதமாக வரலாம், சிறியதாக இருக்கலாம். வேலையைத் தொடர முடிகிறதா என்பதே முதற்கேள்வி. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். விடுமுறைகளில் ஆய்வு நிறுவனங்களுக்குப் போய்த் தங்கி வேலை செய்தேன். அப்துஸ் சலாம் 1964-இல் இத்தாலியின் டிரியெஸ்டேயில் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையம், எங்களைப் போல ஒதுங்கிய ஊர்களில் இருக்கும் ஆசிரியர்கள் சில வாரங்கள் வந்து தங்கிப் படிப்பதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதன் வழியாக நானும் போய் வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளில் பதினொரு கட்டுரைகள் எழுதினேன். எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் ஒவ்வொன்றையும் இன்றும் கரும்பலகையில் முதல் வரியிலிருந்து எழுதிக்காட்ட என்னால் முடியும். பொறுமையோடு காத்திருந்தால் இந்தத் துறை ஒருவரைக் கைவிடாது என்பது என் அனுபவம்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வள்ளல் அழகப்பர் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்ததால்தான் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்தது. நேரு 1948 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். அறிவியலுக்குக் கொடுத்துப் பழகிய மண் இது. ஒரு மகளை அனுப்புவது அதற்குப் புதிதல்ல.

பள்ளத்தூர்ப் பெண்:

வணக்கம் ஐயா. பள்ளத்தூரில் பிறந்து காரைக்குடியில் பள்ளிப்படிப்பு முடித்தவள் நான். தற்போது ஜெர்மனியில் அணுக்கருக் கோட்பாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக மூன்றாவது ஒப்பந்தத்தில் இருக்கிறேன். பெரியவர் மேயரின் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். நான் இன்றைய கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டது அதைத்தான்.

எங்கள் வீட்டில் இந்தப் படிப்பை எப்படிப் புரியவைப்பது என்று நான் திண்டாடியபோது, என் ஐயாதான் அதை எளிதாக்கினார். அவருடைய தகப்பனார் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். கடிதம் நகலெடுப்பதும் பேரேடு எழுதுவதும்தான் முதல் வேலை. பிறகு அடுத்தாள் ஆனார். கடைசியில் மேலாள் ஆனார். ஒவ்வொன்றும் மூன்றாண்டுக் கணக்கு; கணக்கு முடிந்தால் ஊர் திரும்பி, மறுபடி எந்தக் கடைக்கு, எந்த ஊருக்கு என்று பேசி முடித்த பிறகுதான் கப்பல் ஏறுவார். நான் என் படிப்பைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஐயா, "அப்படியானால் நீ இப்போது பெட்டியடி, பட்டம் வாங்கினால் அடுத்தாள், பேராசிரியரானால் மேலாள், அவ்வளவுதானே" என்றார். அதன்பின் வீட்டில் யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

பெட்டியடிக் காலம் என்பது முதுகலை இரண்டு ஆண்டுகளும் முனைவர் பட்டத்துக்கான ஐந்து ஆண்டுகளும். முதுகலைக்கு ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குச் சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேர்வுகள் வழி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின் 42,000 ரூபாயும் வருகிறது. வீட்டு வாடகைப்படி தனி. ஆகவே முனைவர் பட்டக் காலத்தில் நீங்கள் அவளுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்காது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நான் ஆய்வு செய்த நிறுவனத்தில் ஒரு முறை ஏழு மாதங்கள் உதவித்தொகை வரவில்லை. தாள்கள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரவில்லை, வேறு காரணம் எதுவும் இல்லை. தோழியிடம் கடன் வாங்கி விடுதிக் கட்டணம் கட்டினேன். ஆறு மாதச் செலவுக்கான தொகையை அவள் பெயரில் வங்கியில் தனியாக வைத்துவிடுங்கள். அவள் அதைத் தொடாமலே போகலாம், ஆனால் அது இருக்கட்டும்.

எங்கே படிக்கலாம் என்று கேட்டால், சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அணுக்கரு இயற்பியல் துறையும் இருக்கின்றன. வெளியே புவனேஸ்வரத்தின் இயற்பியல் நிறுவனம், கொல்கத்தாவின் சாகா நிறுவனம், மும்பையின் டாட்டா நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும், ரூர்க்கி ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் அணுக்கருக் கோட்பாட்டில் நீண்டகாலமாக வேலை நடக்கிறது. ஆனால் நிறுவனத்தின் பெயரை விட நெறியாளர் யார் என்பது பத்து மடங்கு முக்கியம். ஐந்து ஆண்டுகள் ஒரே மனிதரிடம் வேலை கற்கப் போகிறாள். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். ஒரு கட்டுரை எழுதி முடித்தால் எத்தனை நாளில் படித்துத் திருத்தித் தருகிறார், மாணவர் பெயரை எங்கே போடுகிறார், முன்பு பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.

இந்த வேலை நாள்தோறும் எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று. பெரியவர் சொன்ன அந்த அடுக்கு மாதிரியைத்தான் நானும் பயன்படுத்துகிறேன், இன்றைய கணினிகளில். குரோமியம்-48ஐ எடுத்துக்கொண்டால், கால்சியம்-40 என்ற மூடிய உள்ளகத்துக்கு வெளியே எட்டே துகள்கள்தாம். அந்த எட்டும் அடுத்த அடுக்கின் இருக்கைகளில் எத்தனை விதமாக உட்காரலாம் என்று எண்ணினால் ஏறத்தாழ 20 லட்சம் வழிகள் வருகின்றன. நிக்கல்-56இல் பதினாறு துகள்கள். வழிகள் 100 கோடியைத் தாண்டிவிடும். அத்தனை வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட ஓர் அணியிலிருந்து கீழ்மட்ட ஆற்றல்களைப் பிரித்தெடுப்பதுதான் வேலை. என் இரண்டாம் ஆண்டில், எளிய அணுக்கருக்களுக்குச் சரியாக வந்த என் நிரல், சற்றுப் பெரியவற்றுக்குத் தப்பான விடை தந்தது. நான்கு மாதங்கள் தேடினேன். சுற்றுப்பாதைச் சுழற்சியை முதலில் வைத்துத் தற்சுழற்சியை இணைப்பதா, தற்சுழற்சியை முதலில் வைப்பதா என்பதைப் பொறுத்துச் சில உறுப்புகளின் குறி மாறும். நான் இரண்டு வேறு நூல்களிலிருந்து இரண்டு வாய்பாடுகளை எடுத்து ஒரே நிரலில் போட்டிருந்தேன். ஒருவர் ஒரு வரிசையையும் மற்றவர் மறு வரிசையையும் பின்பற்றியிருந்தார்கள். ஒரே ஒரு கழித்தல் குறி. அதைக் கண்டுபிடித்த பிற்பகலில் மேசையை விட்டு எழுந்து வளாகத்தை ஒரு சுற்று நடந்து வந்தேன். உங்கள் மகள் ஈயத்துக்கு மூன்று முறை கணக்குப் போட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குணம்தான் இந்தத் துறைக்கு வேண்டும், மற்றவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தாள் காலம்தான் கடினமானது. ஒவ்வொரு ஒப்பந்தமும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். ஒன்றில் சேர்ந்து ஓராண்டு ஆவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பம் எழுதத் தொடங்க வேண்டும். பெரும்பாலான இடங்களுக்கு இலையுதிர் காலத்தில், செப்டம்பரிலிருந்து ஆண்டு இறுதிக்குள், விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டு சேரலாம். மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் இல்லாமல் எதுவும் நடக்காது. வெளிநாடு போயே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் இந்தியாவில் நல்ல நிறுவனங்கள் ஆளெடுக்கும்போது வெளிநாட்டு அனுபவத்தை எதிர்பார்க்கின்றன என்பது நடைமுறை. ஜெர்மனியில் ஹம்போல்ட் உதவித்தொகையும், ஜப்பானில் ஜே.எஸ்.பி.எஸ். உதவித்தொகையும் இந்திய மாணவர்கள் நிறையப் பேருக்குக் கைகொடுத்திருக்கின்றன. கோட்பாட்டாளர்களுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை என்றாலும், சோதனை நடக்கும் இடத்தின் அருகில் இருப்பது பெரும் பயன். எந்த அளவீடு வரப்போகிறது என்பது தேநீர் மேசையிலேயே தெரிந்துவிடும்.

இது பழைய துறை, முடிந்துபோன துறை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்ததை ஈர்ப்பலைகளாலும் ஒளியாலும் ஒருசேரப் பார்த்தார்கள். தங்கம் போன்ற கனமான தனிமங்கள் அத்தகைய மோதல்களில் உருவாகின்றன. அதைக் கணக்கிட வேண்டுமானால், பூமியில் யாரும் இதுவரை உருவாக்கியிராத அணுக்கருக்களின் பிணைப்பாற்றல் தெரிந்தாக வேண்டும். அங்கே அளவீடு இல்லை, கோட்பாடு மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2022-இல் திறக்கப்பட்ட அரிய அணுக்கருக் கற்றை நிலையம் அத்தகைய அணுக்கருக்களைத் தேடத்தான் கட்டப்பட்டது.

திருமணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் பேச்சு வந்திருக்கும். எனக்கு மணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வேறு தொழில், வேறு நகரம். வாரக் கடைசியில் ரயிலில் நான்கு மணி நேரம் பயணம் செய்கிறோம். மணத்துக்கு முன்பே இரு வீட்டாரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் பிரச்சினை ஆகியிருக்கும்.

கோட்டையூரான்:

வணக்கம். மாறுபட்ட ஒரு குரலும் இங்கே வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நானும் அணுக்கருக் கோட்பாட்டில் முனைவர் பட்டம் பெற்று, இரண்டு ஒப்பந்தங்கள் முடித்து, முப்பத்து நான்காம் வயதில் வெளியே வந்தவன். இப்போது சென்னையில் காப்பீட்டுத் துறையில் இழப்பு அபாயங்களைக் கணிக்கும் வேலை பார்க்கிறேன்.

பொறுமையோடு காத்திருந்தால் துறை கைவிடாது என்று பெரியவர் எழுதியிருக்கிறார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒன்றில் நான் அவரிடமிருந்து மாறுபடுகிறேன். அவர் காலத்தில் பட்டம் பெற்றவர்கள் குறைவு, கல்லூரி இடங்கள் இருந்தன. இன்று ஒரு நல்ல நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியலுக்கு ஓரிடம் விளம்பரப்படுத்தப்பட்டால், அதில் அணுக்கருக்காரர் மட்டும் அல்ல, துகள் இயற்பியல், திண்மநிலை, அண்டவியல் எல்லாரும் போட்டியிடுகிறார்கள். நான் மூன்று ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் வரை போனவை மூன்று. மூன்றிலும் தேர்வானவர்கள் தகுதியானவர்கள்தாம். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அநியாயம் நடந்ததால் வெளியே வந்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. இடம் குறைவு, அவ்வளவே.

கிடைத்தால் வாழ்க்கை நன்றாகவே இருக்கும். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், பேராசிரியரானால் 1,44,200 ரூபாய், படிகள் தனி. கிடைக்காவிட்டால் என்ன என்பதை முதலிலேயே யோசித்து வைப்பது அவநம்பிக்கை ஆகாது. உங்கள் மகள் முனைவர் பட்டம் முடிக்கும் நாளில், இன்னும் இத்தனை ஆண்டுகள் முயல்வேன் என்று ஒரு தேதியைத் தானே குறித்து வைக்கட்டும். அந்தத் தேதியை நான் குறிக்கவில்லை. அதனால் கடைசி இரண்டு ஆண்டுகள் ஆய்விலும் மனம் நிற்காமல், வெளியிலும் வேலை தேடாமல் கழிந்தன. அந்த இரண்டு ஆண்டுகளுக்காகத்தான் வருந்துகிறேன், படித்ததற்காக அல்ல.

படித்தது வீண்போகவும் இல்லை. எண்களை வாய்ப்பு முறையில் எடுத்துக் கணிப்பது, குறைந்த தரவிலிருந்து ஒரு மாதிரியின் மாறிலிகளைப் பொருத்துவது, அந்தப் பொருத்தத்தில் எவ்வளவு பிழை இருக்கும் என்று நேர்மையாகச் சொல்வது ஆகிய மூன்றையும் நான் அணுக்கருவில் கற்றேன், இன்று அவற்றைத்தான் விற்கிறேன். ஆகவே அவள் முதுகலையிலேயே நிரல் எழுத நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். இந்தத் துறையில் இன்றும் ஃபோர்ட்ரானில் எழுதிய பழைய நிரல்கள் ஓடுகின்றன, அதையும் கற்க வேண்டியிருக்கும். ஆனால் பைத்தானும் சி++-உம் கையில் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும்.

ஆத்தங்குடித் தந்தை:

மூவருக்கும் நன்றி. எழுதியவற்றை எல்லாம் அச்சிட்டு எடுத்து, நேற்று இரவு உணவுக்குப் பின் வீட்டில் எல்லாருக்கும் உரக்கப் படித்தேன். பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்றதும் என் தாயாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய சிறுவயதில் எதிர்வீட்டுச் செட்டியார் மலேயாவிலிருந்து மூன்றாண்டுக்கு ஒரு முறை வந்து போனதை விவரமாகச் சொன்னார். கோட்டையூர் நண்பர் எழுதியதைப் படித்தபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மகள் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி எழுதி என்னிடம் காட்டினாள். முப்பத்து மூன்றாவது பிறந்தநாள். அதுவரை முயல்வேன், அதன்பின் வேறு வேலைக்குப் போனாலும் வருந்தமாட்டேன் என்றாள். என் மைத்துனரும் அதற்கு மேல் பி.எட். பற்றிப் பேசவில்லை. ஆறு மாதத் தொகையை அடுத்த வாரம் அவள் பெயரில் வைப்புநிதியாகப் போடப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. முதுகலை முடிய இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அதுவரை அவள் தேர்வுக்குப் படிப்பது தவிர, ஆய்வு என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள ஏதாவது செய்ய முடியுமா? எங்கே போய், யாரிடம் கேட்பது?

தேவகோட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, கோட்டையூர் நண்பர் சொன்னது சரி. நான் என் காலத்தை வைத்து எழுதிவிட்டேன். காத்திருந்தால் கிடைக்கும் என்ற அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மகள் தேதி குறித்தது மிக நல்ல செயல்.

உங்கள் சந்தேகத்துக்கு விடை: இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. தேர்வானால் இரண்டு மாதங்கள் ஓர் ஆய்வாளரோடு இருந்து வேலை செய்யலாம். மும்பை டாட்டா நிறுவனமும் அதுபோன்ற கோடைத் திட்டம் நடத்துகிறது. விண்ணப்பத்தில் எதைப் படிக்க விரும்புகிறாய் என்று கேட்பார்கள். அங்கே "அணுக்கரு இயற்பியலில் ஆர்வம் உண்டு" என்று எழுதினால் ஆயிரத்தில் ஒன்றாகப் போய்விடும். இரும்புக்கு ஏறத்தாழ இரண்டு வித்தியாசம் வந்தது, ஈயத்துக்குப் பன்னிரண்டு வந்தது, ஏன் என்று தேடினேன் என்று எழுதட்டும். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆய்வுக் கட்டுரைகளின் முன்வரைவுகள் வரும் ஆர்க்கைவ் தளத்தில் அணுக்கருக் கோட்பாட்டுக்கென்று 1992 முதலே தனிப் பிரிவு உண்டு. தினமும் காலையில் தலைப்புகளை மட்டும் படித்து வரட்டும். முதல் ஆறு மாதங்களுக்கு ஒன்றும் புரியாது. அதற்காக நிறுத்த வேண்டாம், சொற்கள் பழகிவிடும்.

அதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். கால்சியம்-40, கால்சியம்-48, டின்-132 ஆகிய மூன்றுக்கும் அதே வாய்பாட்டில் கணக்குப் போடச் சொல்லுங்கள். அட்டவணையைப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் பெரிதாக வருமா சிறிதாக வருமா, ஏன் என்று ஒரு வரியில் தன் ஊகத்தை எழுதிவிட்டு, அதன்பின் அட்டவணையைத் திறக்கட்டும். கால்சியம் இரண்டுக்கும் புரோட்டான் எண் ஒன்றுதான், நியூட்ரான் எண்தான் மாறுகிறது என்பதை மட்டும் நினைவில் வைக்கட்டும். முடித்ததும் அந்த நோட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைக்கு அழைத்து வாருங்கள். ஊகம் தவறாக இருந்தால் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் முதலில் பார்க்க விரும்புவது அந்த வரியைத்தான்.